தபால் வளர்த்த சங்கம்

ஒரு துறையினர் சங்கம் அமைப்பது எளிது. சேர்ந்தவர்களை அதில் நிலைபெறச் செய்வதே அரிது. அந்தமான் நிக்கோபாரில், தீவுக்குத் தீவு பிரிந்து பணிபுரியும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் இதனை நன்கு உணரக்கூடும். கடல் இடையில் இல்லாதபோதும், ஊருக்கு ஒருவராகத் தனித்திருந்த கணித அன்பர்கள் முன்னர் ஒரு வழி கண்டனர்.

சென்னை மாகாணத்தின் குத்தி என்னும் ஊரில் டெப்டி கலெக்டராக விளங்கியவர் வி. ராமசுவாமி அய்யர். அயல்நாட்டுக் கணித ஏடுகளையும் நூல்களையும் தனியொருவர் வாங்குதல் அரிது. பலர் சந்தா செலுத்தினால் அனைவரும் படிக்கலாம் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். 1907 ஏப்ரல் 4ஆம் நாள் 20 உறுப்பினருடன் சங்கம் தோன்றியது. அதுவே பின்னர் இந்தியக் கணிதச் சங்கம் எனப் பெயர் பெற்றது.

சங்கத்தின் நூலகம் பூனா பெர்குசன் கல்லூரியில் அமைந்தது. ஏடுகள் தபால் வழியே உறுப்பினரிடையே சுற்றிவந்தன. 1909இல் சங்கத்தின் சொந்த இதழ் பிறந்தது. வினா விடுக்கவும் விடை அனுப்பவும் அதில் இடம் இருந்தது. கல்லூரிப் பட்டம் பெறாத ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911இல் அவ்விதழில்தான் வெளிவந்தது.

சந்தா கேட்கும் கடிதம் மட்டுமே வருமாயின் உறுப்பினர் மெல்ல விலகுவர். படிக்க ஏடும், எழுத இடமும், தம் வினாவுக்கு விடையும் வருமாயின் அவர்கள் நிலைத்திருப்பர். இச்சங்கம் நூறாண்டு கடந்தும் வாழ்கிறது. கூடிப் பேச மண்டபம் இல்லையே என்று தயங்கும் தீவுவாழ் அன்பர்களுக்கு இவ்வரலாறு ஊக்கம் தருவதாகும்.