கேக் பொங்குறதுக்குப் பின்னாடி யாரோட கை?

இன்னைக்கு எபிசோட், உங்க கிச்சன் அலமாரியில கடுகு டப்பாவுக்குப் பின்னாடி பாதி காலியா நிக்கிற ஒரு சின்ன டப்பாவைப் பத்தினது. பேக்கிங் பவுடர். எந்த கேக் ரெசிபியை எடுத்தாலும் "ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர்"னு ஒரு வரி வரும். போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவோம். ஆனா அந்த ஒரு ஸ்பூனுக்குள்ள ஒரு பேட்டன்ட் இருக்கு, ஒரு லஞ்ச ஊழல் இருக்கு, ஒரு சூயிங் கம் கம்பெனி இருக்கு. எல்லாத்துக்கும் மேல, நிறைய பேரோட கை வலி இருக்கு.

அந்தக் கை வலியில இருந்தே ஆரம்பிப்போம்.

கேக் மெத்துன்னு வரணும்னா உள்ள காற்றுக் குமிழி வேணும். பழைய காலத்துல அதுக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, ஈஸ்ட் போட்டு மணிக்கணக்கா காத்திருக்கணும். இன்னொண்ணு, முட்டையையும் வெண்ணெயையும் அடிச்சு அடிச்சுக் காற்றை உள்ள புகுத்தணும். 1747-ல லண்டன்ல ஹன்னா கிளாஸ் எழுதின சமையல் புத்தகம் ரொம்பப் பிரபலம். அதுல பவுண்ட் கேக் செய்முறை இருக்கு. எல்லாத்தையும் கலந்து ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்றாங்க. கையால, இல்லன்னா பெரிய மரக்கரண்டியால. ஒரு மணி நேரம்!

இங்கதான் ஒரு கேள்வி வருது. யாரோட கை? புத்தகத்துல அது இருக்காது. பணக்கார வீடுன்னா வேலைக்காரங்க கை. அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல "பீட்டன் பிஸ்கட்"னு ஒண்ணு உண்டு. பிசைஞ்ச மாவைக் கட்டையால அரை மணி நேரத்துக்கு மேல போட்டு அடிச்சாத்தான் அது பதத்துக்கு வரும். விருந்தாளி வந்தா மேஜையில அது இருக்கணும், அது கௌரவம். அடிச்சது பெரும்பாலும் அந்த வீட்டுல அடிமையா வச்சிருந்த கறுப்பினப் பெண்கள். வசதியில்லாத வீட்டுல அந்த வீட்டு அம்மாவோட கை. அவங்க கேக்கே செய்யாம விட்டிருக்கவும் வாய்ப்பு நிறைய.

இந்த ஒரு மணி நேரத்தை முதல்ல குறைச்சது எது தெரியுமா? அடுப்புச் சாம்பல். விறகுச் சாம்பலைக் கரைச்சு வடிகட்டிக் காய்ச்சினா பொட்டாஷ் கிடைக்கும். அதைச் சுத்தப்படுத்தினா பேர்ல் ஆஷ். சோப்புக்கும் கண்ணாடிக்கும் இது தேவை. எவ்வளவு தேவைன்னா, 1790 ஜூலை 31-ல அமெரிக்கா கொடுத்த முதல் பேட்டன்டே பொட்டாஷ், பேர்ல் ஆஷ் தயாரிக்கிற முறைக்குத்தான். வாங்கினவர் சாமுவேல் ஹாப்கின்ஸ். கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். ஆறு வருஷம் கழிச்சு, 1796-ல, அமீலியா சிம்மன்ஸ் எழுதின சமையல் புத்தகத்துல பேர்ல் ஆஷ் மாவுக்குள்ள வந்துடுச்சு.

கெமிஸ்ட்ரி ரொம்ப சிம்பிள். காரமும் புளிப்பும் சேர்ந்தா கார்பன் டை ஆக்சைடு வரும். அந்த வாயுதான் மாவைத் தூக்குது. அப்புறம் பேர்ல் ஆஷ் இடத்துக்கு பேக்கிங் சோடா வந்தது. ஆனா புளிப்புக்கு என்ன பண்றது? புளிச்ச பாலை ஊத்தினாங்க. அது இன்னைக்கு ஒரு புளிப்பு, நாளைக்கு ஒரு புளிப்பு. அளவு தப்பினா கேக்ல சோப்பு வாடை அடிக்கும்.

சரி, சோடாவையும் காய்ந்த அமிலப் பொடியையும் ஒரே டப்பாவுல போட்டா என்ன? ஈரம் படாத வரைக்கும் ரெண்டும் சண்டை போடாது. நடுவுல கொஞ்சம் ஸ்டார்ச் போட்டா, அது ஈரத்தை உறிஞ்சிக்கும். இவ்வளவுதாங்க பேக்கிங் பவுடர்.

1843-ல இதைச் செஞ்சவர் பர்மிங்ஹாம்ல மருந்துக்கடை வச்சிருந்த ஆல்ஃபிரட் பேர்ட். காரணம் வீட்டுலயே இருந்தது. அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்காது. முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரை உருவாக்கினவரும் இவரேதான்.

அமெரிக்காவுல ஹார்வர்ட் பேராசிரியர் எபென் ஹார்ஸ்ஃபோர்ட் 1856-ல இன்னொரு அமிலத்துக்கு பேட்டன்ட் வாங்கினார். கால்சியம் பாஸ்ஃபேட் வகை. ஆரம்பத்துல அதை எடுத்தது மாட்டு எலும்புல இருந்து! பின்னாடிதான் சுரங்கப் பாறைக்கு மாறினாங்க. ஜெர்மனியில ஆகஸ்ட் ஓட்கர்ங்கிற மருந்துக்கடைக்காரர் 1890-கள்ல ஒரு படி மேல போனார். அரை கிலோ மாவுக்குச் சரியா ஒரு சின்ன பாக்கெட். அளக்குற வேலையும் போச்சு.

இப்போ கவனிங்க. முன்னாடி கேக் சரியா வரலைன்னா அடிச்ச கையைக் குறை சொல்லலாம். இப்போ கை செஞ்ச வேலையை டப்பா செய்யுது. டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு வாங்குறவங்களுக்குத் தெரியாது. நம்பித்தான் ஆகணும். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில, சமையலறைக்குள்ள ஒரு டிபென்டென்சி நுழைஞ்சிடுச்சு. அந்த நம்பிக்கையை வச்சு ஒரு பெரிய சண்டை நடந்தது.

ராயல் பேக்கிங் பவுடர்னு பெரிய கம்பெனி. அவங்க போட்டது க்ரீம் ஆஃப் டார்ட்டர். ஒயின் பீப்பாய்க்குள்ள படியுற உப்பு, ஐரோப்பாவுல இருந்து வரணும், விலை அதிகம். போட்டிக் கம்பெனிகள் போட்டது படிகார வகை. ஷேவ் பண்ணதும் சலூன்ல தேய்ப்பாங்களே, அந்தப் படிகாரத்தோட சொந்தக்காரன்னு வச்சுக்கோங்க. விலை கம்மி. அதோட இன்னொரு வசதியும் இருந்துச்சு: அவன் சூட்டுலதான் முழுசா பொங்கும். மாவைக் கரைச்சுட்டு அழுற குழந்தையைப் பார்த்துட்டு வந்தாலும் கேக் அமுங்காது.

விலையில ஜெயிக்க முடியல, அதனால ராயல் தரப்பு பயத்தைக் கையில எடுத்தது. படிகாரம் விஷம்னு வருஷக்கணக்கா விளம்பரம். 1899-ல மிசோரி மாநிலத்துல படிகாரம் சேர்ந்த பேக்கிங் பவுடருக்குச் சட்டப்படி தடையே வந்துடுச்சு. பொதுநலமா? 1903-ல குட்டு உடைஞ்சது. சட்டசபை உறுப்பினர்களுக்கு பேக்கிங் பவுடர் பணம் போயிருக்கு. துணை ஆளுநர் ஜான் ஆடம்ஸ் லீ பதவியை விட்டு விலகினார். 1905-ல அந்தத் தடைச் சட்டத்தை நீக்கினாங்க. அந்தப் படிகார வகை இன்னைக்கும் அமெரிக்காவுல பல பிராண்டுகள்ல சாதாரணமா இருக்கு.

சூயிங் கம் எங்கே வருதுன்னு கேட்டீங்களா? வில்லியம் ரிக்லி சிகாகோவுல சோப்பு வித்தார், பேக்கிங் பவுடர் இலவசம். பவுடருக்கு மவுசு கூடினதும் பவுடரையே விக்க ஆரம்பிச்சார், சூயிங் கம் இலவசம். மக்கள் கம்மைக் கேட்டாங்க. மீதி உங்களுக்கே தெரியும்!

இப்போ நம்ம பக்கம் வருவோம். ஆப்ப மாவைப் பொங்க வைக்க ஒரு காலத்துல கள்ளு ஊத்துவாங்க. அந்த வேலைக்கு சோடா வந்ததாலதான் நாம அதை ஆப்பசோடான்னே கூப்பிடுறோம். ரவா இட்லியில தயிரோட சோடாவோ ஈனோவோ போடுறோமே, அது அந்தப் புளிச்ச பால் ஃபார்முலாவேதான். அப்புறம் குக்கர் கேக். அடியில உப்பையோ மணலையோ பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழட்டிட்டு, மைதா, தயிர், சோடா, பேக்கிங் பவுடர் சேர்த்த மாவை உள்ள வைக்கிறோம். அவன் இல்லாத வீட்டுல, முட்டை நுழையாத வீட்டுல கேக் பொங்குது. எலிசபெத் பேர்டுக்காகச் செஞ்ச பொடி, சைவ வீட்டு பர்த்டேக்கு உதவுது.

ஆனா "ஒரு ஸ்பூன்ல முடிஞ்சிடும்"னு யாராவது சொன்னா, எனக்கு ரெண்டு கேள்வி வருது. மிச்சமான அந்த ஒரு மணி நேரம் யாருக்குப் போச்சு? ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது, அப்புறம் பாக்கெட் மாவும் வந்துடுச்சு. ஆனா பல வீட்டுல கிச்சன்ல நிக்கிற ஆள் மாறல. கை வலி குறைஞ்சது நிஜம், அது சின்ன விஷயம் இல்ல. மிச்சமான நேரத்துல இன்னும் நாலு வேலை அதே அம்மா தலையில ஏறினதும் நிஜம்.

ரெண்டாவது, "இது விஷம்"னு குடும்ப குரூப்புக்கு அடுத்த ஃபார்வர்ட் வரும்போது, அதைச் சொல்றவங்க என்ன விக்கிறாங்கன்னு ஒரு நிமிஷம் பாருங்க. சில சமயம் எச்சரிக்கை சரியாவே இருக்கும். சில சமயம் அது 1899 மிசோரியா இருக்கும்.

கடைசியா ஒரு உருப்படியான டிப்ஸ். அலமாரியில இருக்கிற அந்தப் பழைய டப்பாவுல இருந்து அரை ஸ்பூன் எடுத்து வெந்நீர்ல போடுங்க. சுர்ருன்னு நுரைச்சா பயன்படுத்தலாம். சும்மா கிடந்தா, ஈரம் ஏற்கெனவே உள்ள போய் வேலையை முடிச்சிடுச்சுன்னு அர்த்தம். தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. இந்த வாரம் கேக் செஞ்சா, மாவைக் கலக்குற கை யாரோடதுன்னும் கொஞ்சம் மாத்திப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.