மூடிய கூட்டருகே அணுக்கருக்களின் ஒருங்கியக்கம்

அணுக்கருவில் பல புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒரே தாளத்தில் அசைவதை ஒருங்கியக்கம் என்பர்; மாய எண்ணை எட்டிய அல்லது அதை நெருங்கிய கருவிலும் அது உண்டு. 2, 8, 20, 28, 50, 82 ஆகியவை மாய எண்கள்; நியூட்ரான்களுக்கு 126உம் உண்டு. இந்த எண்ணிக்கையில் ஒரு கூடு நிரம்பிவிடும். அடுத்த கூட்டுக்கு ஏற வேண்டுமானால் துகளுக்குப் பெரும் ஆற்றல் தேவைப்படும். துகளின் தற்சுழற்சியும் சுற்றியக்கமும் வலுவாகப் பிணைந்திருப்பதே இதற்குக் காரணம் என்று 1949இல் மரியா கோப்பர்ட் மேயர் விளக்கினார். ஹான்ஸ் யென்சன் குழுவினரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். 1963ஆம் ஆண்டின் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. கரு முழுவதும் ஒன்றாகச் சுழலும், அதிரும் என்று காட்டிய ஜேம்ஸ் ரெயின்வாட்டர், ஆகே போர், பென் மோட்டல்சன் மூவரும் 1975இல் அப்பரிசைப் பெற்றனர்.

இந்த அதிர்வின் தடத்தைக் காணப் பெரிய முடுக்கி தேவையில்லை. ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஒரு செங்கல் வீட்டின் அறையில் ஜெர்மேனியம் உணர்கருவி ஒன்றை இரவு முழுக்க வைத்திருந்தாலே போதும். சுவரின் செங்கல் மண்ணிலும், கான்கிரீட்டில் கலந்த கருங்கல் ஜல்லியிலும் இம்மியளவு தோரியம் இருக்கும். காலையில் திரையில் தெரியும் காமா நிறமாலையில் பொட்டாசியத்தின் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு ஓங்கி நிற்கும். அதைத் தாண்டி வலக்கோடியில், ஆளரவமற்ற இடத்தில் தனியே நிற்பதுபோல, 2615இல் இன்னொரு கோடு இருக்கும். அது ஈயம்-208 கருவின் ஒருங்கதிர்விலிருந்து பிறப்பது. மோனசைட் செறிந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இதே கோடு பல மடங்கு உயரும்.

தோரியம்-232இன் அரை ஆயுள் சுமார் 1405 கோடி ஆண்டுகள். ஆறு ஆல்பா, நான்கு பீட்டாச் சிதைவுகளுக்குப் பின் அது ஈயம்-208ஆக நிலைகொள்கிறது. 82 புரோட்டான், 126 நியூட்ரான் என இருபுறமும் கூடு மூடிய கரு அது. ஆகவே இந்தச் சிதைவுத் தொடரே மூடிய கூட்டை நோக்கி இறங்கும் படிக்கட்டு. படிக்குப் படி, முதல் '2+' நிலையின் (கோண உந்தம் 2 கொண்ட கிளர்நிலையின்) ஆற்றலைப் பார்த்தால் கருவின் குணம் மாறுவது தெரியும். தோரியம்-232இல் அது வெறும் 49 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நீண்டு உருமாறிய அந்தக் கரு சிறு தூண்டலிலேயே சுழலத் தொடங்கும். ரேடியம்-224இல் 84, ரேடான்-220இல் 241, பொலோனியம்-216இல் 550, பொலோனியம்-212இல் 727 என ஆற்றல் ஏறிக்கொண்டே போகிறது. ஈயம்-208இலோ ஒரே தாவலில் 4085.

இந்த ஏற்றத்தை எளிய கணக்கில் அடக்கலாம் என்று 1985இல் ரிச்சர்ட் காஸ்டன் காட்டினார். கூட்டுக்கு வெளியே உள்ள புரோட்டான் எண்ணிக்கையை அதேபோல் வெளியே உள்ள நியூட்ரான் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். தோரியம்-232க்கு 8 × 16 = 128; பொலோனியம்-212க்கு 2 × 2 = 4. ஒரே வகைத் துகள்கள் இணை சேர்ந்து கருவை உருண்டையாக வைக்கப் பார்க்கும். புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் இடையிலான ஈர்ப்போ உருவத்தை நீட்டப் பார்க்கும். பெருக்குத்தொகை வளர வளர நீட்டும் பக்கம் வெல்கிறது. இடைப்படியான ரேடியம்-224 நிலையாகவே ஒரு பக்கம் பருத்த சுரைக்காய் வடிவம் கொண்டது; ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் செய்த அளவீடு 2013இல் இதை உறுதிசெய்தது.

இருபுறமும் மூடிய ஈயம்-208இல் பெருக்குத்தொகை சுழி. அப்படியானால் அங்கே ஒருங்கியக்கமே இருக்கக் கூடாது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான இடம் இதுதான்: அங்கும் இருக்கிறது. ஒரு நியூட்ரானை அடுத்த கூட்டுக்கு ஏற்றக் குறைந்தது 3400 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். புரோட்டானுக்கு இன்னும் அதிகம். ஆனால் இக்கருவின் முதல் கிளர்நிலை 2615இலேயே கிடக்கிறது. தனித் துகள் எதுவும் தானாக ஏறி அந்த நிலையை உண்டாக்கியிருக்க முடியாது. பற்பல துகள்கள் ஏறும் வாய்ப்புகள் ஒத்த கட்டத்தில் கலந்து, தமக்குள் உள்ள ஈர்ப்பால் ஒரு நிலையை மட்டும் மற்றவற்றுக்குக் கீழே இழுத்துவிடுகின்றன. அந்நிலையில் கருவின் ஒரு முனை பருத்து ஒடுங்கும், பிறகு மறுமுனை பருக்கும். ரேடியத்தில் உறைந்து நிற்கும் சுரைக்காய் வடிவம் இங்கே ஊசலாடுகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 17 பிகோ வினாடி. ஒற்றைப் புரோட்டானின் தாவலாக இருந்தால் ஏறத்தாழ 34 மடங்கு நேரம் எடுத்திருக்கும்.

புரோட்டான்கள் ஒரு பக்கமும் நியூட்ரான்கள் எதிர்ப்பக்கமும் அசையும் அதிர்வில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே விசை விலக்குவதால் நிலை மேலே தள்ளப்படுகிறது. ஈயத்தில் அது சுமார் 13.5 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது.

மூடிய கருவோடு ஒரு புரோட்டானைச் சேர்த்தால் பிஸ்மத்-209. அந்தப் புரோட்டான் ஈயத்தின் அதிர்வோடு பிணைந்து, 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஏழு நிலைகள் கொத்தாகத் தோன்றுகின்றன. அதிர்வு குலையாமல் இருக்க, வந்த துகள் அதன்மேல் ஏறி அமர்ந்துகொள்கிறது.

புரோட்டான் கூடு மட்டும் மூடிய வெள்ளீயத்தில் 102 முதல் 130 வரையிலான இரட்டை நிறை ஐசோடோப்புகளின் முதல் '2+' நிலை ஏறக்குறைய 1.2 மெகா எலக்ட்ரான் வோல்ட்டிலேயே நிற்கிறது, இணைசேர்தலே காரணம். நியூட்ரான் கூடும் மூடும் வெள்ளீயம்-132இல் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குத் தாவுகிறது. புதுடெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான பொது முடுக்கி மையத்தில் நடந்து 2010இல் வெளியான அளவீடு, வெள்ளீயம்-112இல் எதிர்பார்த்ததைவிட ஒருங்கியக்கம் மிகுந்திருப்பதைக் காட்டியது.

கல்பாக்கத்தில் ஈயத்தின் இந்த அதிர்வு அன்றாடப் பாதுகாப்புப் பிரச்சினை. அங்கு 1996இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி உலையின் எரிபொருள், தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233. அத்துடன் சிறிதளவு யுரேனியம்-232உம் ஒட்டிக்கொண்டே உருவாகிறது. அதன் சிதைவு வழியும் ஈயம்-208இல்தான் முடிகிறது. பிரித்தெடுத்த புதிதில் எரிபொருளின் காமாக் கதிர் குறைவு. மாதங்கள் செல்லச் செல்ல, இடையில் உருவாகும் தோரியம்-228 சேர்ந்து, 2615 கோடு வளர்ந்துகொண்டே வரும். அவ்வளவு ஆற்றல் கொண்ட கதிரை மெல்லிய தகடுகள் தடுக்காது. அதனால்தான் இந்த எரிபொருளைப் பிரித்த கையோடு வடிவமைத்துவிடப் பார்க்கிறார்கள். நாள்பட்டதைத் தடித்த அரணுக்குப் பின்னால் நின்றே கையாள வேண்டியிருக்கிறது.