கல்கத்தாவில் இறங்கிய நத்தையும் எங்கள் மணியும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் எங்கள் தோட்டத்துக்கு நத்தைகள் வந்துவிடும். ஊர் நத்தை அல்ல, உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தை. கீரைப்பாத்தி, வாழைக்கன்று, பப்பாளி எதையும் விடாது.

இது இந்தியாவுக்கு வந்த கதை வேடிக்கையானது. பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து மொரீஷியஸ் தீவுக்குப் போனது. வில்லியம் பென்சன் என்ற கம்பெனி அதிகாரிக்குச் சிப்பி, நத்தை சேர்ப்பதில் பித்து. (அவரும் நம்மைப் போல அரசாங்க உத்தியோகஸ்தர்தான்!) 1847-ல் அவர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்த நத்தைகள் கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அவ்வளவுதான். 1900 வாக்கில் இலங்கைக்கும் போய்விட்டது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2018 வெள்ளத்துக்குப் பிறகு பல ஊர்களில் பெருகியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு நத்தை என்றால் 'எஸ்கார்கோ', பாடப்புத்தகத்து விருந்துப் பண்டம். அதே பிரான்ஸில், துலூஸ் நகரில், 1853-லேயே ஒரு நாயின் இருதயத்தில் புழு கண்டார்கள். அது நத்தை வழியாக நாய்க்குப் போவது பிற்பாடு தெரிந்தது. அதன் பங்காளிப் புழு ஒன்றை 1935-ல் சீனாவின் கான்டனில் எலியின் நுரையீரலில் கண்டார்கள். எலிப் புழுக்கையோடு வெளியேறும் குஞ்சுப் புழு நத்தைக்குள் போகும். அந்த நத்தையை நாய் தின்றால் புழு தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறும். பின்னங்கால் துவளும், முதுகைத் தொட்டாலே நாய் கத்தும். குட்டிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கீரையைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்றால் மனிதருக்கும் வரலாம்.

இதெல்லாம் நான் பின்னால் படித்தது. எங்கள் மணி நத்தையால் சாகவில்லை, நத்தைக்கு நான் வைத்த மருந்தால் செத்தான்.

மெட்டால்டிஹைடு குருணை. தவிட்டில் கலந்து செய்வதால் நாய்க்கு அது தீனி மாதிரி. சாயங்காலம் தூவினேன். இரவு எட்டு மணிக்கு மணிக்கு உடம்பெல்லாம் உதறல், தொட்டால் அனல். இதற்கு மாற்று மருந்து கிடையாது என்று சொல்லித்தான் கால்நடை டாக்டர் வலிப்பு நிற்க ஊசி போட்டார். விடியும் முன் போய்விட்டான். முப்பத்தாறு வருஷம் கோப்புகளை வரி விடாமல் படித்தவன், அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை.

இப்போது ஈரச் சாக்கில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலை போட்டுத் தோட்டத்து மூலையில் வைக்கிறேன். இரவில் நத்தைகள் அங்கே கூடும். காலையில் கையுறை மாட்டிப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவேன். புது நாய் குட்டிதான், எதையும் வாயில் வைக்கும். நான் பொறுக்கி முடிக்கிற வரைக்கும் அது திண்ணைத் தூணில் கட்டிக்கிடக்கும், குலைத்துக்கொண்டே.