பாண்டிகூட் என்னும் பெயர்

ஆங்கில அகராதிகளில் 'பாண்டிகூட்' என்றொரு விலங்கின் பெயர் காணப்படும். சாக்கடை ஓரங்களிலும் களஞ்சியங்களிலும் வளைதோண்டி வாழ்கின்ற பெருச்சாளியை அது குறிக்கும். ஆஸ்திரேலியாவில் வாழும் முற்றிலும் வேறான ஒரு சிறு விலங்குக்கும் அதுவே பெயர். ஒரே பெயர் இவ்விரண்டுக்கும் எவ்வாறு வாய்த்தது?

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் இது தமிழ்ச் சொல்லே என்று மார்தட்டுவோர் நம்மிடையே உண்டு. பாண்டி நாட்டையும் எலியின் கூட்டையும் சேர்த்து ஒருவர் பொருள் விரித்ததை நானே கேட்டிருக்கிறேன். அது வெறும் கற்பனை. இச்சொல்லின் மூலம் தெலுங்கிலுள்ள 'பந்திகொக்கு' என்பதாகும். தெலுங்கில் 'பந்தி' என்றால் பன்றி. நாம் அமர்ந்து உண்ணும் பந்தியன்று. 'கொக்கு' என்பதும் மீனுக்குக் காத்திருக்கும் பறவையன்று. பேரெலியின் பெயர் அது. ஆகவே பன்றியெலி என்பதே பொருள். மண்ணைக் கிளறும் வழக்கமும், சீண்டினால் உறுமும் குரலும் உடைய பிராணிக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

தமிழில் பன்றி, தெலுங்கில் பந்தி, கன்னடத்தில் ஹந்தி. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதும், பத்து என்பது ஹத்து ஆவதும் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. வேர் மூவர்க்கும் பொது. எனினும் ஆங்கிலேயர் கொண்டுசென்ற சொல் தெலுங்கர் வாயிலிருந்து சென்றதேயாகும். கட்டுமரம், மிளகுதண்ணீர், சுருட்டு எனத் தமிழிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்கள் பல இருக்க, அயலார் உடைமைக்கு நாம் உரிமை கோருவானேன்? மலாயாத் தோட்டங்களில் நம்முடன் பால் வெட்டியவர்களில் தெலுங்கு மக்களும் இருந்தனர். அவர்களுக்குரியதை அவர்களுக்கே உரியதென்று சொல்வதில் தமிழுக்குக் குறைவொன்றும் நேராது.

முதலெழுத்துப் பகரம் ஆங்கிலத்தில் ஏன் மெலிந்தது என்று மாணவர் வினவுவதுண்டு. ஆங்கிலேயர் சொல்லின் முதலில் பகரத்தை மூச்சுக் கலந்து ஒலிப்பர். மூச்சுக் கலவாத நம் பகரம் அவர்கள் செவிக்கு வேறெழுத்தாகப் பட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

இனி ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். சிட்னியில் ஆங்கிலக் குடியேற்றம் 1788-இல் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குள் கல்கத்தாவுக்கும் சிட்னிக்கும் கப்பற் போக்குவரத்து ஏற்பட்டது. 1797-இல் வழியில் உடைந்த 'சிட்னி கோவ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து சரக்கேற்றி வந்ததே. சரக்குடன் சொற்களும் வந்தன. 1799-இல் ஜார்ஜ் பாஸ் என்னும் ஆய்வுப் பயணியின் குறிப்பில், அந்நாட்டு விலங்கொன்றுக்கு இப்பெயர் வழங்கப்பட்டுள்ளது.

நீண்ட மூக்கு, மண் தோண்டும் நகம், எலியையொத்த உருவம். கண்டவர் மயங்கியதில் தவறில்லை. ஆனால் அது கங்காருவைப்போலப் பைசுமக்கும் இனம். சினைக்காலம் ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் மட்டுமே. பையின் வாய் பின்புறம் நோக்கியிருப்பதால் தோண்டும்போது குட்டியின்மேல் மண் விழுவதில்லை. உயிர்நூல் முறைப்படி நோக்கினால், பெருச்சாளிக்கு இந்தப் பாண்டிகூட்டைவிட மனிதனே நெருங்கிய உறவினன்!

பெயர்க் குழப்பம் இத்துடன் நிற்கவில்லை. இவ்வினத்தில் ஒன்றின் முன்கால், பன்றிக் குளம்புபோல் இரு விரல்களால் ஆனது. அதற்குப் 'பன்றிக்கால் பாண்டிகூட்' என்று பெயரிட்டனர். தெலுங்கறிந்தவர்க்கு அது 'பன்றிக்கால் பன்றியெலி' ஆகும். 1838-இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, கைக்குக் கிட்டிய உடலில் வாலில்லாமையால் 'வாலற்றது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லையும் சேர்த்தனர். உண்மையில் அதற்கு நீண்ட வால் உண்டு. அந்த ஓர் உடல் மட்டும் வாலை இழந்திருந்தது. பிழை தெரிந்த பின்பும், முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்னும் விதியால் அது மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவிற்குள் அப்பிராணியே அழிந்தொழிந்தது. வாலுள்ள விலங்கு போய்விட்டது. வாலற்றது என்னும் பெயர் ஏட்டில் இருக்கிறது.

இவ்விலங்குகள் பெயரில்லாமல் கிடந்தனவா என்றால், இல்லை. அந்நாட்டுப் பழங்குடி மக்கள் ஒவ்வொன்றையும் தத்தம் மொழியில் அழைத்தே வந்தனர். இந்தியாவில் கேட்ட ஒரு சொல்லை எடுத்துவந்து அப்பெயர்களின்மேல் போர்த்தியவர்கள் குடியேறிகளே. தெலுங்குச் சொல் உலகப் புகழ் பெற்றது என்று மகிழ்வோர் இதனையும் எண்ண வேண்டும். எல்லாப் பெயர்களும் மறைந்துவிடவில்லை. நீண்ட காதுடைய உறவினத்தைக் குறிக்கும் 'பில்பி' என்பது கிழக்குப் பகுதிப் பழங்குடி மொழியொன்றின் சொல். தென்மேற்கில் வாழும் ஒருவகைப் பாண்டிகூட்டை, நூங்கார் மக்களின் சொல்லால் 'குவெண்டா' என்றே இன்றும் அழைக்கின்றனர்.