யுரேனஸ் வளையமும் காவலூரும் – ஒரு மதிப்பெண் போன கதை



போன மாதம் ஒரு வினாடி வினாப் போட்டிக்குப் போயிருந்தோம். கேள்வி: "யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டுபிடித்தவர் யார்?" எங்கள் அணி எழுதிய பதில், "காவலூர் ஆய்வகம், தமிழ்நாடு". நடுவர் தவறு என்றார். ஒரு மதிப்பெண் போனது, அதனாலேயே மூன்றாம் இடமும் போனது. நாகர்கோவில் திரும்பும் பேருந்தில் முழுக்க இதே சண்டைதான். பிறகு கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யுரேனஸ் பற்றி. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் பள்ளிப் பாடத்தில் வாயுக் கோள்கள் என்று சேர்த்தே படித்தோம். இப்போது கடைசி இரண்டையும் தனியாகப் பிரித்து, பனிப் பெருங்கோள்கள் என்கிறார்கள். மேலே ஹைட்ரஜன், ஹீலியம். உள்ளே நீர், அம்மோனியா, மீத்தேன். யுரேனஸின் விட்டம் சுமார் 51,000 கி.மீ. பூமியைப் போல நான்கு மடங்கு. அச்சு 98 டிகிரி சாய்ந்திருப்பதால், பக்கவாட்டில் படுத்து உருள்வது போலச் சுற்றுகிறது. சூரியனிடமிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல 19 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் மெல்லிய கரிய வளையத்தை 1977-ல் இங்கிருந்து நேராகப் பார்க்க வழியே இல்லை.

அப்படியானால் எப்படிக் கண்டார்கள்? ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கோள் போகும்போது நட்சத்திர ஒளி மறையும். அது மறையும் விதத்தை வைத்துக் கோளின் வளிமண்டலத்தையும் அளவையும் கணக்கிடலாம். 1977 மார்ச் 10 அன்று துலாம் ராசியில் உள்ள ஒரு மங்கலான நட்சத்திரத்தின் முன்னால் யுரேனஸ் கடக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். நிழல் எங்கே விழும் என்பதுதான் துல்லியமாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் எலியட் குழுவினர் ஒரு விமானத்தில் ஏறினார்கள். அது கைப்பர் பறக்கும் ஆய்வகம். உள்ளே 91 செ.மீ. தொலைநோக்கி. நாம் கன்னியாகுமரியில் நின்று பார்க்கிறோமே, அதே இந்தியப் பெருங்கடலின் வெகு தெற்கே பறந்தார்கள்.

அதே இரவு, நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி, வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது 1 மீட்டர் தொலைநோக்கி. விமானத்தில் இருந்ததை விடச் சற்றுப் பெரியது! ஆனால் யுரேனஸின் நிழல் காவலூர் மேல் விழவில்லை. அங்கே கோள் நட்சத்திரத்தை மறைக்கவே இல்லை. இருந்தும் சில வினாடிகளுக்கு நட்சத்திர ஒளி திடீரென்று குறைந்து மீண்டது.

இதற்கு என்ன அர்த்தம்? ஒரு உதாரணம் சொல்கிறேன். இரவில் பேருந்தில் போகும்போது தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. நடுவில் ஒரு வீடு வந்து விளக்கை மறைக்கிறது. வீடு வருவதற்கு முன் விளக்கு ஒரு முறை மட்டும் மினுங்கினால், நடுவில் ஏதோ ஒரு தென்னை என்று நினைப்போம். வீட்டுக்கு முன்னால் ஐந்து முறை, வீட்டைத் தாண்டியதும் அதே இடைவெளிகளில் ஐந்து முறை மினுங்கினால்? அது வீட்டைச் சுற்றிய வேலி.

விமானத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அந்த வேலி. அவர்களுக்கும் முதலில் சிறு நிலாக்களாக இருக்கும் என்றே தோன்றியது. பிறகு முன்னும் பின்னும் பதிவான மங்கல்களை ஒப்பிட்டபோதுதான் இரண்டும் பொருந்தின. வளையம்! காவலூர்க்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த மங்கலை வைத்து யுரேனஸுக்கு ஒரு புதிய நிலா என்று எழுதினார்கள். 1977 மே மாத 'நேச்சர்' இதழில் எலியட் குழுவின் கட்டுரையும் காவலூர்க் கட்டுரையும் சில பக்க இடைவெளியில் வந்தன. ஒன்றில் வளையம், மற்றதில் நிலா. அந்த ஆண்டிலேயே பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போன்ற வளைய அமைப்பு இருப்பதாக அதே இதழில் எழுதினார்கள். ஆனால் முதல் அறிவிப்பு எலியட் குழுவினுடையதுதான்.

சனியின் வளையங்கள் அகலமானவை, பனியால் பளிச்சென்று மின்னுபவை. யுரேனஸ் வளையங்களோ கரி போலக் கறுப்பு. பெரும்பாலானவை சில கி.மீ. அகலம்தான். குறுகிய வளையங்களில் மிகப் பெரியதான எப்சிலான் வளையமே 100 கி.மீ.-க்கும் குறைவு. 1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 பக்கத்தில் போய்ப் படம் எடுத்தது. அப்போது எப்சிலான் வளையத்தின் இரு பக்கமும் கார்டிலியா, ஒஃபீலியா என்று இரண்டு குட்டி நிலாக்கள் கிடைத்தன. ஆட்டிடையன் மந்தையை ஒதுக்குவது போல அவை வளையத்தைச் சிதறாமல் காக்கின்றன. காவலூர் சொன்ன நிலா இவை அல்ல. ஆனாலும் வளையக் கதையில் நிலா வந்து சேர்ந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதே ஜனவரி 6-ம் தேதிதான் காவலூர் ஆய்வகத்துக்கு, 1982-ல் மறைந்த வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

1977 வரை வளையம் என்றால் சனி மட்டும்தான். 1979-ல் வாயேஜர் 1 வியாழனின் வளையத்தைக் காட்டியது. 1989-ல் நெப்டியூனுக்கும் முழு வளையங்கள் உறுதியாயின. யுரேனஸுக்கு இன்று 13 வளையங்கள் தெரியும்.

சரி, அந்த ஒரு மதிப்பெண்? நடுவர் சொன்னது சரிதான். அதை ஒப்புக்கொள்கிறேன். நம்ம ஊர்ப் பெருமை என்பதற்காக இல்லாததை இருப்பதாகச் சொல்லக் கூடாது. ஆனால் 'காவலூருக்கு இதில் ஒன்றுமே இல்லை' என்பதும் தவறு. அந்த மலையில் இருந்த இருவர் கண்ட ஒளி மங்கல் பொய் அல்ல. வளையம் அவர்கள் கருவியில் பதிவானது. அதன் பெயர்தான் அவர்களுக்கு அன்று தெரியவில்லை.

அடுத்த போட்டியில் இதே கேள்வி வந்தால் எலியட் குழு என்றே எழுதுவேன். பக்கத்தில் இடம் இருந்தால் காவலூர் என்றும் எழுதி வைப்பேன். மதிப்பெண் கிடைக்காது, பரவாயில்லை!