சாரலும் தண்டவாளமும்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே கொண்டாடும். செங்கோட்டையில் எஞ்சினில் வேலை பார்த்த எங்களுக்கு அது உஷாராக இருக்க வேண்டிய காலம். அருவிக்குத் தண்ணீர் தரும் அந்தக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் வருகிறது. ரயிலும் அதே வழிதான்.

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-இல்தான் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. இந்தப் பாதையில் உள்ள கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியது அந்த ஏற்றம்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது எதிர்ப்பு மிகக் குறைவு. சமதரையில் அது வரம். மலையில் அதுவே வினை. 100 டன் வண்டியை 1 மீட்டர் உயர்த்தவே சுமார் 10 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். கொதிகலனில் எவ்வளவு நீராவி இருந்தாலும், சக்கரத்துக்குப் பிடிமானம் இருந்தால்தான் வண்டி ஏறும். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். சாரல் கழுவாது, துரு, எண்ணெய்ப் பிசுக்கோடு குழைந்து பசையாகப் படியும். அதனால் கொட்டும் மழையைவிடத் தூறலுக்கே நாங்கள் அதிகம் பயந்தோம்.

திணறித் திணறி வந்த புகைபோக்கிச் சத்தம் திடீரென்று படபடவென்று ஓடும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது என்று அர்த்தம். வழுக்கிவிட்ட சக்கரத்துக்கு இருந்த பிடியும் குறைந்துபோகும். இன்னும் நீராவி கொடுத்தால் தண்டவாளம்தான் தேயும். டிரைவர் அண்ணாச்சி நீராவியைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை அடைத்துவிட்டு, "மணல் விடுலே" என்பார். நெம்புகோலை இழுத்தால் குழாய் வழியே சக்கரத்தின் முன்னால் மணல் விழும். நறநறவென்று அரைபடும். அதன்பிறகு மெல்ல மெல்ல ரெகுலேட்டரைத் திறப்பார்.

ஈர மணல் குழாயை அடைத்துக்கொள்ளும். அதனால் ஷெட்டில் மணலைச் சலித்து, அடுப்பில் காயவைத்துத்தான் பெட்டியில் நிரப்புவார்கள். இந்த லைனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த அடுப்படி ஆட்களை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை.

இறக்கத்தில் உராய்வுக்கு வேறு வேலை. ஏறும்போது சேர்த்த ஆற்றலெல்லாம் பிரேக் கட்டைகளில் சூடாக மாறியாக வேண்டும். வார்ப்பிரும்பு காய்ந்த வாடை பெட்டிகளுக்குள்ளேயே வரும்.

மீட்டர்கேஜ் 2010-இல் நின்றது. 2018-இல் அகலப்பாதை முழுதாக ஓடத் தொடங்கியது. புது எஞ்சின்களுக்கு வலு அதிகம். ஆனாலும் மலையேறும் வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கோத்துத் தள்ள வேண்டியிருந்தது.