பல்குச்சி தேடிக் கடல் கடந்தவர்

பழங்காலத்தில் சீனத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பயணிகள் என்றவுடன் பாஹியான், யுவான் சுவாங் ஆகிய இருவர் பெயரே மாணவர் நாவில் முதலில் எழும். மூன்றாமவராகிய இ-சிங் பாடநூல்களில் ஒரு வரியோடு முடிந்துபோகிறார். யுவான் சுவாங் போகும்போதும் மீளும்போதும் பாலையும் பனிமலையும் கடந்து தரைவழியே சென்றவர். மலாயாக் கரை அவர் கண்ணில் பட்டதே இல்லை. இ-சிங்கோ தென்கடல் வழியே போய்த் தென்கடல் வழியே மீண்டவர். போகும்போதும் வரும்போதும் கெடாவில் இறங்கியவர். சுமத்திராவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் அவரை அறிந்துகொள்ள இதுவே போதிய காரணமாகும். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அரசரும் போரும் மட்டுமே கல்லில் ஏறிய அந்நாளில், மனிதர் எப்படி உண்டனர், எப்படிக் கை கழுவினர், எதனால் பல் துலக்கினர் என்று பார்த்துப் பார்த்து எழுதி வைத்தவர் அவர்.

இத்தகைய சிறு செய்திகளுக்காகவா ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடப்பார்? அவருக்கு அவை சிறு செய்திகள் அல்ல. கி.பி. 635ஆம் ஆண்டில் பிறந்து, இளமையிலேயே துறவு மடம் புகுந்த இ-சிங், பௌத்தத் துறவிகளுக்குரிய ஒழுக்க விதிகளாகிய வினயத்தில் ஊறியவர். அவ்விதிகள் இந்தியாவில் பிறந்தவை. சீனத்தில் அவை ஏட்டில் இருந்தனவேயன்றி, அவற்றை ஒழுகிக் காட்டுவார் அரியராயினர். உரைக்கு மேல் உரை எழுந்து, விதியின் பொருளே மறைந்துபோயிற்று என்பது அவருடைய மனக்குறை. ஏட்டைப் புரட்டித் தீராத வழக்கைக் கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்வதென அவர் முடிவு செய்தார். உடன் வருவதாக வாக்களித்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினர். ஆயினும் 671ஆம் ஆண்டின் இறுதியில் காண்டன் துறையில் பாரசீகக் கப்பல் ஒன்றில் அவர் ஏறிவிட்டார்.

இருபது நாள் நிறைவதற்குள் கப்பல் ஸ்ரீவிஜயத்தை அடைந்தது. இன்றைய பாலெம்பாங் நகரமே அது என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. ஆங்கு ஆறு மாதம் தங்கி அவர் சமஸ்கிருத இலக்கணம் பயின்றார். அந்நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் இருந்தனர் என்றும், அவர்களுடைய கல்வியும் ஒழுக்கமும் மத்திய இந்தியாவில் உள்ளவற்றினின்றும் வேறுபட்டன அல்ல என்றும் பின்னாளில் அவர் எழுதினார். இந்தியாவுக்குச் செல்ல விரும்பும் சீனத் துறவி ஓரிரண்டு ஆண்டு இங்கே தங்கிப் பழகிக்கொண்டு, பிறகு மேற்கே செல்வது நன்று என்பதும் அவர் கூறிய அறிவுரை. தென்கிழக்காசியாவைப் பண்பாடு வந்து இறங்கிய வெறுந்துறையாக மட்டும் எண்ணுவோர் இக்கூற்றை ஊன்றி நோக்க வேண்டும். சீனர் ஒருவர் இந்தியாவைக் கற்கத் தொடங்கிய பள்ளி ஒரு மலாய் நாட்டில் இருந்தது.

ஸ்ரீவிஜய மன்னரின் துணையோடு அவர் மலாயுவுக்கும், பின்னர்க் கெடாவுக்கும் சென்றார். கெடாவிலிருந்து மன்னரின் கப்பலில் வடக்கே பத்து நாளுக்கு மேல் சென்றபோது, ஆடையற்ற மக்கள் வாழும் தீவு ஒன்று எதிர்ப்பட்டது. அது நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்று என்பர். கப்பலைக் கண்டதும் சிறு படகுகள் கூட்டமாக வந்து சூழ்ந்தன. தேங்காயும் வாழைப்பழமும் பிரம்பு மூங்கில் பொருள்களும் நீட்டிய அம்மக்கள், ஈடாகக் கேட்டது இரும்பு ஒன்றையே. இரு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய்கள் வரை கிடைத்தன. பொன்னுக்கும் பட்டுக்கும் மயங்கும் உலகில், இரும்பே செல்வமாக இருந்த ஓரிடத்தின் சந்தை விலையை இத்துணைத் துல்லியமாகக் குறித்தவர் ஒரு துறவி என்பது வியப்பே.

தென்கடல் தீவுகளின் விருந்தோம்பலை அவர் விரித்தெழுதிய பகுதி இன்னும் சுவையானது. துறவிகளை உணவுக்கு அழைக்க வருபவர் பாக்கும், மணமிக்க எண்ணெயும், சிறிது அரிசிப் பொடியும் இலையில் வைத்துத் தட்டில் ஏந்தி, வெள்ளைத் துணியால் மூடி எடுத்து வருவாராம். ஓரளவு எளிய இல்லத்து விருந்திலேயே இருபது முப்பது வகை உணவு பரிமாறப்படும். அரசரும் செல்வரும் அளித்தால் நூறு வகையை எட்டும். பாயளவு அகன்ற இலைகளும் உண்டு. அரசரே தம் பெருமையை ஒதுக்கிவைத்துத் தம்மைப் பணியாளர் என்று சொல்லிக்கொண்டு பரிமாறுவாராம். பாக்கு மெல்லுதல் வாயை மணக்கச் செய்து செரிமானத்துக்கும் உதவும் என்று மருத்துவரைப்போல் ஒரு குறிப்பும் சேர்க்கிறார். தைக்காத ஒற்றைத் துணியை இடையில் சுற்றி, வெறுங்காலுடன் நடக்கும் மக்களையும் அவர் காட்டுகிறார். மலாய்த் திருமண வீட்டின் வெற்றிலைத் தட்டையும் சாரோங்கையும் அறிந்தவர்க்கு இவை அயலாகத் தோன்றா.

இதே காலத்தில் பொறிக்கப்பட்டதுதான் பாலெம்பாங் அருகே 1920ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு. பல்லவ எழுத்தில், பழைய மலாய் மொழியில் அமைந்த அதன் ஆண்டு சகம் 605; ஏறத்தாழக் கி.பி. 683. படைவீரர் இருபதாயிரம் பேர் என்று அக்கல் பெருமிதத்தோடு சொல்கிறது. அவ்வீரர் எதை உண்டனர், எதை உடுத்தனர் என்பதற்கு அதில் விடையில்லை.

673ஆம் ஆண்டில் வங்கக் கரையின் தாமிரலிப்தியில் இறங்கிய இ-சிங், ஓராண்டு கழித்து வணிகர் கூட்டத்தோடு உள்நாடு புறப்பட்டார். வழியில் நோயுற்றுப் பின்தங்கிய அவரைக் கள்வர் சூழ்ந்து, உடுத்திய ஆடையையும் பறித்துக்கொண்டனர். வெண்ணிறத்தாரைப் பலியிடுவர் என்று கேள்விப்பட்டிருந்தமையால், உடம்பெல்லாம் சேறு பூசி, இலைகளால் மறைத்துக்கொண்டு தடியூன்றி நடந்து தம் கூட்டத்தை இரவில் அடைந்தார். பின்னர் நாளந்தாவில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட துறவிகளும், இருநூறுக்கு மேற்பட்ட மானியச் சிற்றூர்களும் கொண்ட பெருநிலையம் அது.

அந்நிலையத்தில் அவர் கண் நிலைத்த இடங்களைப் பார்க்க வேண்டும். பெரிய நீர்க்கலத்தில் மிதக்கும் செப்புக் கிண்ணம். அதன் அடியில் ஊசித்துளை. கிண்ணம் நிறைந்து மூழ்கும்போது முரசு ஒருமுறை ஒலிக்கும். மறுமுறை மூழ்கினால் இருமுறை. நான்காம் முறைக்குப்பின் சங்கும் முழங்கும். அவ்வொலிக்கு மூவாயிரம் பேரின் நாள் இயங்கியது. காலையில் மணி அடித்ததும் குளியல் துணியோடு துறவியர் நூற்றுக்கணக்கில் குளங்களை நோக்கிச் செல்வர். உண்ணும்போது ஓர் அடிக்கும் குறைந்த உயரமுள்ள சிறு பிரம்பு மணைகளில் தனித்தனியே அமர்வர். சீனத்திலோ துறவிகள் அகன்ற கட்டிலில் வரிசையாகச் சம்மணமிட்டு உண்டனர். ஒருவர் எச்சில் மற்றவரைத் தீண்டாதிருக்க அது வழியன்று என்று அவர் கடிந்துரைக்கிறார். உண்ட கலத்தைக் கழுவாமல் மீண்டும் எடுப்பதும், மிச்சத்தைச் சேமித்து வைப்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. தமிழில் எச்சில் என்ற ஒரே சொல்லில் அடங்கும் கருத்தைத் தம் நாட்டாருக்கு உணர்த்த அவர் இயல் இயலாக எழுத வேண்டியிருந்தது.

குடிநீருக்கு மண் அல்லது பீங்கான் கலம், கழுவும் நீருக்குச் செம்பு அல்லது இரும்புக் கலம் என இரண்டு. நீரில் உயிர்கள் உண்டா என்று பார்த்து வடிகட்டும் முறை. இவற்றுக்கெல்லாம் அவர் தனித்தனியே இடம் ஒதுக்கினார். பல்குச்சிக்கும் ஓர் இயல் உண்டு. பன்னிரண்டு விரல் நீளம், சுண்டுவிரல் பருமன். ஒரு முனையை மென்று பல் துலக்கி, பின் அதனைப் பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும். பல் துலக்குமுன் எவரையும் வணங்கவும் கூடாது, எவர் வணக்கத்தையும் ஏற்கவும் கூடாது. வேப்பங்குச்சியில் வளர்ந்த தமிழருக்கு இதில் புதுமையில்லை. சீனரோ அதனை வில்லோ மரக்குச்சி என்று தவறாக அழைத்தனர். எந்த மரம் என்பதையே அறியாமல் விதியை ஓதினர் என்பது அவர் வருத்தம்.

இவ்வளவு கடிந்தாலும் அவர் தாய்நாட்டை இகழ்ந்தவர் அல்லர். இந்தியாவில் வலக்கையால் உண்கின்றனர், உண்குச்சி அங்கில்லை என்று எழுதிய அவரே, விதி அதனை ஏற்கவுமில்லை, விலக்கவுமில்லை. ஆகவே சீனத்தார் தம் வழக்கப்படி கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். ஊசி மருத்துவத்திலும் நாடி பார்ப்பதிலும் சீனத்தை மிஞ்சிய நாடு இல்லை என்றும் உறுதியாகச் சொல்கிறார். அதே மூச்சில், மீனையும் காய்களையும் வேகவைக்காமல் உண்ணும் சீனர் பழக்கத்தைக் குறை கூறவும் தயங்கவில்லை. அவர் பார்வைக்கு எல்லையும் உண்டு. மடத்துச் சுவருக்கு வெளியே உழவரும் பெண்டிரும் வாழ்ந்த வாழ்வு அவர் நூலில் மிக அருகியே தென்படும்.

685ஆம் ஆண்டில் ஏட்டுச் சுவடிகளோடு நாளந்தாவை விட்ட அவர், மீண்டும் கெடா வழியாக ஸ்ரீவிஜயம் வந்து மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். தாளும் மையும் தீர்ந்தன. எழுதுவோரும் இல்லை. 689ஆம் ஆண்டில், காண்டனுக்கு மடல் கொடுத்தனுப்பத் துறைக்குச் சென்று கப்பலில் ஏறினார். அந்நேரம் சாதகக் காற்று வீசவே, கப்பல் பாய் விரித்துப் புறப்பட்டுவிட்டது. இறங்க வழியின்றி, சுவடிகளெல்லாம் ஸ்ரீவிஜயத்தில் கிடக்க, தாம் மட்டும் வெறுங்கையராய்த் தாயகம் சேர்ந்தார். வேறொருவராயின் அத்துடன் நின்றிருப்பார். அவரோ சில மாதங்களில் நான்கு துணைவரோடு திரும்பவும் ஸ்ரீவிஜயத்துக்கே கப்பலேறினார்.

அங்கிருந்து 692ஆம் ஆண்டில் இரு நூல்களை அவர் சீனத்துக்கு அனுப்பினார். ஒன்று, தென்கடலிலிருந்து அனுப்பிய ஒழுக்கக் குறிப்புகள். 40 இயல்கள் கொண்ட இதனை ஜப்பானிய அறிஞர் தக்ககுசு 1896இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மற்றொன்று, அவர் காலத்தில் மேற்கே சென்ற 56 துறவியரின் வரலாறு. அவருள் ஒருவர் கெடாவிலிருந்து மேற்கே 30 நாள் கடலோடி நாகப்பட்டினம் சேர்ந்து, அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கையை அடைந்தார். கடாரத்துக்கும் நாகைக்கும் இடையிலான கடல்வழிக்கு இது மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. இராசேந்திர சோழனின் கடற்படை அங்கு வருவதற்கு மூன்றரை நூற்றாண்டு முந்தியது.

695ஆம் ஆண்டில் லோயாங் நகர வாயிலுக்குப் பேரரசி வூ தாமே வந்து இ-சிங்கை வரவேற்றார். 713ஆம் ஆண்டில் மறையும் வரை அவர் மொழிபெயர்ப்பை விடவில்லை. அவரோடு இரண்டாம் முறை கடல் கடந்த நால்வருள் இருவர் காண்டனுக்கு மீண்டனர். ஒருவர் ஜாவாவில் இறந்தார். நான்காமவர் ஸ்ரீவிஜயத்து வாழ்வில் பற்று வைத்து, ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்.